சலான் பேலன்ஸ்

தகரக் கூரைக்குக் கீழே பிரஸ் மிஷின் அடிக்கும்போதெல்லாம் மேசை மேலிருந்த டீ கிளாஸ் அதிர்ந்தது. மணிமங்கலத்தில் ஒரு பிரஸ் ஷாப். காலையில் கரண்ட் போய் வந்ததிலிருந்து, சரக்கோடு போக வேண்டிய சலான் போட முடியவில்லை. லோடு ஏற்றிய வண்டி கேட்டில் நிற்கிறது.

“திறக்கவே மாட்டேங்குது சார், டேபிள் கரப்ட்னு வருது” என்றார் கணக்குப் பார்க்கும் பெண்.

“பதறாதம்மா, உன் டேட்டா எங்கயும் போகல” என்று என்னுடன் வந்த அண்ணன் உட்கார்ந்தார். அந்த சாஃப்ட்வேரை எழுதியவர் அவர்தான். எழுதுவது, விற்பது, பழுது பார்ப்பது எல்லாம் ஒரே ஆள். கருவி, விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ.

முதலில் ஃபைலை அப்படியே ஒரு காப்பி எடுத்துவைத்தார். பிறகு டிபிஎஃப் ஃபைலை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தார். அதன் தலைப்பகுதியில் மொத்தம் எத்தனை பதிவுகள் என்று நான்கு பைட்டில் எழுதியிருக்கும். ஃபைலின் அளவிலிருந்து தலைப்பகுதியைக் கழித்து, ஒரு பதிவின் நீளத்தால் வகுத்தார்: 41,237. தலைப்பகுதியோ 41,238 என்றது. கடைசிப் பதிவு வட்டில் இறங்குவதற்குள் கரண்ட் போயிருக்கிறது. ஹெக்ஸில் 16 என்றிருந்த ஒரு பைட்டை 15 ஆக்கி, இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டினார். திரை திறந்தது. பதிவாகாத அந்த ஒரு சலானை மட்டும் அந்தப் பெண் மறுபடி அடித்தார்.

அந்தத் திரையில் இருப்பது ஒரே கணக்கு. தகடு, வேலை கொடுக்கும் கம்பெனிக்காரருடையது; பட்டறைக்குக் கூலி மட்டும். 500 தகடு வந்தது, 480 பிராக்கெட்டாகப் போனது, 12 ரிஜெக்‌ஷன், பேலன்ஸ் 8. ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவுப்படி ஜாப் ஒர்க்குக்கு வந்த சரக்கு ஒரு வருஷத்துக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்காகி வரி விழும். அதனால் அந்த எட்டு தகடு எங்கே என்பது சின்னக் கேள்வி இல்லை. இப்படிப் போய்வரும் சரக்கின் சலானைப் பழைய கலால் விதியின் பெயரால் இன்னமும் ‘57எஃப்4 சலான்’ என்பவர்கள் உண்டு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வரி மாறியது. பேச்சில் பெயர் மாறவில்லை.

எண்ணெய்க் கையோடு வருகிற சூப்பர்வைசர் மவுஸைத் தொட வேண்டாமென்று எல்லாவற்றையும் என்டர் கீயிலேயே நகர வைத்திருக்கிறார் அண்ணன். இது எந்த மேனுவலிலும் கிடைக்காத அறிவு. பட்டறைத் தரையில் நின்று பார்த்தவருக்குத்தான் தோன்றும்.

ஃபாக்ஸ்ப்ரோவை உருவாக்கிய ஃபாக்ஸ் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 1992இல் வாங்கியது. 2004இல் வந்த ஒன்பதாம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது. 2015 ஜனவரியில் ஆதரவும் முடிந்தது. ஆனாலும் அதில் எழுதிய புரோகிராம்கள் விண்டோஸ் 11இல் ஓடுகின்றன. ஒரு டேபிள் 2 ஜிபியைத் தாண்டக் கூடாது என்பார்கள். ஒரு பட்டறையின் இருபது வருஷச் சலான் அதில் ஒரு மூலைக்குக் காணாது. 2023 ஆகஸ்டில் ஐந்து கோடி விற்றுமுதலைத் தாண்டியவர்களுக்கும் இ-இன்வாய்ஸ் கட்டாயமானபோது, அதற்கான ஜேசன் ஃபைலை இதே பழைய மொழியில் எழுத்தெழுத்தாகக் கோத்துக் கொடுத்திருக்கிறார் அண்ணன்.

எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. ஃபாக்ஸ்ப்ரோவுக்கு யூனிகோடு தெரியாது. சம்பளச் சீட்டில் தமிழ்ப் பெயர்கள் பழைய எழுத்துருவில்தான் நிற்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆளின் பெயரே ஆங்கிலக் கிறுக்கலாகிவிடும். இத்தனை வருஷம் உழைத்த ஒருவரின் பெயருக்கு அப்படி நேரக் கூடாது. அண்ணனிடம் சொன்னேன், மறுக்கவில்லை.

“என் பொண்ணு பைத்தான்ல புதுசா எழுதித் தரேங்கறா” என்றார். “எழுதும்மா, அதுக்கு முன்னாடி ஒரு மாசம் இங்க உக்காந்து சலான் போடுன்னு சொல்லிருக்கேன்.”

பிரிண்டர் மூன்று பிரதி தள்ளியது. டிரைவர் தன் பிரதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.