மரத்துக்கு எழுதிய கணக்கு

பேராவூரணிப் பக்கம் பெண் கொடுப்பவர்கள் மாப்பிள்ளை வீட்டுக்கு எத்தனை ஏக்கர் என்று கேட்பதில்லை. எத்தனை மரம் என்றுதான் கேட்பார்கள். மரம் என்றால் தென்னை. வேறு மரத்துக்குத்தான் பெயர் சொல்ல வேண்டும்.

ஆனால் இது ஒன்றும் பரம்பரைப் பெருமை அல்ல. என் தாத்தா நெல் விவசாயி. 1934-இல் மேட்டூர் அணையோடு வந்த கல்லணைக் கால்வாயை எங்கள் ஊரில் இன்னும் 'புது ஆறு' என்றுதான் சொல்கிறோம். அதை நம்பித்தான் மேட்டு நிலமெல்லாம் வயலானது. நாங்கள் இருப்பதோ கடைமடை. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்துவிட்டார்கள் என்று ரேடியோ சொல்லும். எங்கள் வாய்க்காலில் ஆடு மேயும். மேலே உள்ளவர்கள் நனைத்தது போக மிஞ்சியது வந்தால் உண்டு. ஏமாந்து ஏமாந்து அலுத்துப்போய்த்தான் அப்பா தலைமுறை போர் போட்டுத் தென்னங்கன்று வைத்தது. நடவுக்கு ஆள் தேட வேண்டாம், மடைக்கு மண்வெட்டியோடு நிற்க வேண்டாம், 45 நாளைக்கு ஒரு வெட்டு. காய் லாரி ஏறிக் காங்கேயம் போகும். பணம் வீட்டுக்கு வரும்.

வெட்டு நாளில் தோப்புக்குள் பத்துப் பேராவது இருப்பார்கள். ஏறுகிறவர், பொறுக்கிச் சேர்க்கிற பெண்கள், மட்டை உரிக்கிறவர், எண்ணிப் போடுகிறவர். ஓலை கீற்று முடைகிறவர்களுக்கு, ஈர்க்கு விளக்குமாறு கட்டுகிறவர்களுக்கு, மட்டை நார் மில்லுக்கு. இவர்களில் ஒரு மரம்கூடச் சொந்தமில்லாதவர்களே அதிகம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் ஊர் விளங்காது. ஆடி, ஆவணியில் இங்கே மொய் விருந்து நடக்கும். செலவைப் பகிர்ந்துகொள்ள நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பந்தல் போடுவார்கள். ஆட்டுக்கறிச் சோறு. சாப்பிட்டு எழுந்ததும் அவரவருக்கு உரிய மேசையில் மொய். ஆளுக்கொரு நோட்டு. வாங்கியதைத் திருப்பிச் செய்வது பழைய மொய். அதற்கு மேல் கூட்டி வைப்பது புது நடை. பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை, வட்டி இல்லை. ஒருவர் வைத்துவிட்டால் ஐந்தாறு வருஷம் கழித்துத்தான் மறுபடி வைக்க முறை. அந்தப் பணத்தில் போர் போட்டவர்கள் உண்டு, மகளை டாக்டருக்குப் படிக்க வைத்தவர்கள் உண்டு. வெளியூர்ப் பத்திரிகைகள் பணம் எண்ணும் மெஷினைப் படம் பிடித்துப் போட்டு வேடிக்கை செய்தியாக்குகின்றன. பாங்கி ஏறி இறங்க முடியாத ஊர் தனக்குத் தானே செய்துகொண்ட ஏற்பாடு அது.

2018 நவம்பர் 15 இரவு கஜா புயல் வந்தது. புயல் எங்களுக்குப் புதிதல்ல. அத்தை பிறந்த வருஷத்தைப் பாட்டி 'அம்பத்திரண்டு புயலுக்கு முந்தின வருஷம்' என்றுதான் சொல்லும். ஆனால் அந்தப் பேச்செல்லாம் கதையாகவே எங்களிடம் வந்து சேர்ந்தது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை ஏறும் என்றார்கள். நமக்கு மழை மட்டும்தான் என்று நினைத்துச் சாப்பிட்டுப் படுத்தோம். நள்ளிரவுக்கு மேல் வடக்கேயிருந்து அடித்தது. ஓடு பறந்தது; அதைவிட, மரம் முறிகிற சத்தம். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது. அப்பா கட்டிலில் உட்கார்ந்து, எந்த மூலையில் விழுகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். "அது மோட்டார் கொட்டாய்கிட்ட... அது வேலியோரம்." நடுவில் கொஞ்ச நேரம் ஓய்ந்தது. பிறகு காற்று திரும்பி, தெற்கேயிருந்து. சாய்ந்தும் சாயாமலும் நின்றவற்றை அந்த இரண்டாவது காற்றுதான் முடித்தது. அப்பா பேச்சை நிறுத்திவிட்டார்.

எங்கள் தோப்பில் 170 மரம். விடிந்தபோது நின்றவை இருபதுக்கும் கீழே, அவற்றிலும் பாதிக்குக் குருத்து இல்லை. ஊரை அதுவரை தோப்புகள் மறைத்துக்கொண்டிருந்தன போலிருக்கிறது. அன்று எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் அடுத்த ஊர்க் கோவில் கோபுரம் தெரிந்தது.

கரண்ட் வர வாரக்கணக்கானது. தெருவுக்குத் தெரு ஜெனரேட்டர் கொண்டுவந்து, தொட்டியை நிரப்ப இவ்வளவு, செல்போன் சார்ஜ் போட இவ்வளவு என்று வாங்கினார்கள். கம்பம் நட வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளாவிலிருந்தும் மின் ஊழியர்கள் வந்தார்கள். சேறும் சகதியுமாகக் கிடந்த வயலில் தோளில் கம்பம் சுமந்த அவர்களுக்குச் சோறு போட எங்கள் தெருவில் போட்டியே நடந்தது.

பிறகு அரசின் இழப்பீட்டுக் கணக்கெடுப்பு. மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக 1,100. எக்டேருக்கு 175 மரம் என்பது அளவு. நல்ல மரம் வருஷத்துக்கு 80, 100 காய் காய்க்கும். அதாவது ஏறக்குறைய ஒரு வருஷக் காய்ப்பின் விலையைக் கொடுத்து, இன்னும் முப்பது நாற்பது வருஷம் நின்றிருக்க வேண்டிய மரத்தின் கணக்கை முடித்தார்கள். மிஷின் வைத்து அறுத்து, தூக்கி ஓரம் போட அந்த 500 எந்த மூலைக்கு? செங்கல் சூளைக்காரர்கள் வந்து ஏதோ கொடுத்து எடுத்துப் போனார்கள். எடுக்காமல் மக்கிய கட்டைகளில் காண்டாமிருக வண்டு பெருகி, தப்பி நின்றதையும் குடைந்தது.

இருந்தாலும் எங்களுக்கு எழுத ஒரு மரம் இருந்தது. எங்கள் தோப்பில் இருபது வருஷமாக ஏறுகிறவர் அன்று வேலி ஓரமாக நின்றுகொண்டிருந்தார். எழுத வந்தவர் போன பிறகு அப்பாவிடம் கேட்டார்: "உங்களுக்கு மரத்துக்கு எழுதுறாங்க அண்ணே. எனக்கு எதை எழுதச் சொல்றது?" குடிசை விழுந்ததற்கு அவருக்கும் 10,000 வந்தது, நிவாரணப் பொருளும் வந்தது. போன வேலைக்கு ஒன்றும் வரவில்லை. அதைக் கேட்க படிவத்தில் கட்டமே இல்லை.

2019 ஆடியில் மொய் விருந்து வைக்க எங்கள் முறை. வைக்கலாமா வேண்டாமா என்று வீட்டில் பெரிய விவாதம். வராவிட்டால் நமக்கு நஷ்டம், வந்தால் வருகிறவருக்குக் கஷ்டம். கன்று வாங்கப் பணம் வேண்டியிருந்ததால் வைத்தோம். நோட்டில் பழைய மொய்தான். புது நடை அருகிப் போயிருந்தது. மரம் ஏறுகிறவர் வந்து தன் பழைய மொய் 2,000 ரூபாயை மேசையில் வைத்தார். அப்பா எழுந்து போய்த் தடுத்தார். "நோட்டுல பேரு நிக்குதுல்ல அண்ணே" என்றார் அவர். அந்தப் பணம் அவர் வீட்டம்மா மகளிர் குழுவில் வட்டிக்கு எடுத்தது என்பது பிற்பாடு தெரிந்தது. மொய்யை நான் மேலே புகழ்ந்துதான் எழுதியிருக்கிறேன். அதற்கு இரக்கம் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதே 2019-இல் நல்லதும் ஒன்று நடந்தது. 'கைஃபா' எனப்படும் கடைமடைப் பகுதி ஒருங்கிணைந்த விவசாயிகள் சங்கத்தின் இளைஞர்கள் 564 ஏக்கர் பேராவூரணிப் பெரிய குளத்தைத் தூர்வார இறங்கினார்கள். போர்க் கிணறு வந்தபின் நாங்கள் மறந்துபோன குளம். கருவேல முள் மண்டிக் கிடந்த இடத்தில் பொக்லைன் ஓடுவதைப் பார்க்க ஊரே கரையில் நின்றது. டீசலுக்கு என்று நூறும் இருநூறும் கொடுத்தவர்களில் தோப்பு இல்லாதவர்களும் இருந்தார்கள்.

மறு வருஷம் கொரோனா. விருந்தும் இல்லை, மொய்யும் இல்லை. விழுந்த மரங்களின் இடத்தில் இப்போது பலர் வைத்திருப்பது குட்டை ரகமும் ஒட்டு ரகமும்தான். நாலைந்து வருஷத்தில் பாளை விட்டன. தரையில் நின்றே பறித்துவிடலாம். ஏற ஆள் வேண்டாம். எங்கள் தோப்பில் ஏறியவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் மூட்டை தூக்குகிறார். தோப்புக்காரர்கள் எழுந்துவிட்டோம் என்பதை வைத்து ஊர் எழுந்துவிட்டது என்று எழுதுகிறார்கள். அது முழு உண்மை இல்லை.

அடுத்த புயல் வராமல் போகாது. அன்று கணக்கெடுக்க வருகிறவர்கள் பட்டாவையும் அடங்கலையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம். எங்கள் மொய் நோட்டுகளைக் கேளுங்கள், தருகிறோம். மரம் இல்லாதவர்களின் பெயர், ஊர், தொகை எல்லாம் அதில் எழுதியிருக்கிறது.