நூறு ஆண்டு வெள்ளத்துக்குத் தேதி குறித்தவர்கள்

2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது, 'நூறு வருஷத்தில் வராத வெள்ளம்' என்ற பேச்சு தொலைக்காட்சியிலும் டீக்கடையிலும் ஒன்றுபோல ஓடியது. ஐம்பது இல்லை, இருநூறு இல்லை, ஏன் நூறு? ஆற்றங்கரையில் உட்கார்ந்து நூறு வருடம் எண்ணியவர் யார்? இந்த எண்ணின் பிறந்த வீட்டைத் தேடிப் போனேன். முதலில் கையில் சிக்கியது, வருடமே இல்லாத ஒரு கணக்கு.

அது 1884இல் வந்த ரைவ்ஸ் சூத்திரம். சென்னை மாகாணத்துக்காக உருவானது. ஏரிக்குக் கலிங்கு கட்டும் பொறியாளர்களுக்கு இன்றும் பழக்கமானது. நீர்ப்பிடிப்புப் பரப்பைச் சதுர கிலோமீட்டரில் எடுத்து, அதை மூன்றில் இரண்டு அடுக்குக்கு உயர்த்தி, ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் என்றால் அந்த எண் 6.8. 80 முதல் 160 வரை 8.5. மலையை ஒட்டிய இடம் என்றால் 10.2. பரப்பு 100 சதுர கிலோமீட்டராக இருந்தால், கடலோர ஏரிக்கு விநாடிக்கு ஏறத்தாழ 146 கன மீட்டர் வெள்ளம். மலையடி ஏரிக்கு 220. எவ்வளவு தண்ணீர் வரும் என்று இந்தச் சூத்திரம் சொல்லிவிடும். எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்று கேட்டால் வாயே திறக்காது. அதற்கும் முந்திய 1865ஆம் ஆண்டு டிக்கன்ஸ் சூத்திரமும் இதே ரகம்தான்.

வெள்ளக் கணக்குக்குள் வருடத்தைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் வெஸ்டன் ஃபுல்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர். 1914இல் அவர் வெளியிட்ட கட்டுரைப்படி, ஒரு நதியின் சராசரி ஆண்டு வெள்ளத்தைப்போல 2.6 மடங்கு வருவது நூறு ஆண்டு வெள்ளம். ஆயிரம் ஆண்டு வெள்ளமோ வெறும் 3.4 மடங்கு. காலம் பத்து மடங்கு நீண்டாலும் தண்ணீர் கொஞ்சம்தான் கூடுகிறது. அணை கட்டுபவருக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறு இருக்க முடியாது. ஆனால் ஏன் அப்படி என்பதற்கு ஃபுல்லரிடம் பதிவேடுகள் இருந்தன; கோட்பாடு இல்லை.

கோட்பாடு வந்த வழி விசித்திரமானது.

எமில் யூலியஸ் கும்பெல் 1891இல் மியூனிக்கில் பிறந்த புள்ளியியலாளர், போர் எதிர்ப்பாளர். முதல் உலகப் போருக்குப் பிந்திய ஜெர்மனியில் அவர் எண்ணியது வெள்ளத்தை அல்ல, அரசியல் கொலைகளை. 1922இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் வலதுசாரிகள் செய்த கொலைகள் 354. அவற்றில் 326க்குத் தண்டனையே இல்லை. இடதுசாரிகள் செய்தவை 22. அவற்றில் தண்டனையின்றித் தப்பியவை நான்கே. இந்தக் கணக்கை நாஜிகள் மன்னிக்கவில்லை. 1932இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் உரிமை போயிற்று. மறு ஆண்டு, குடியுரிமை பறிக்கப்பட்ட 33 பேரின் முதல் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது.

பிரான்ஸுக்குப் போனவர், ரோன் நதிக்கரையிலுள்ள லியோன் நகரில் வேலை பார்த்தார். 1940இல் அங்கிருந்தும் தப்பி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். வெள்ளங்கள் திரும்பி வரும் காலம் பற்றிய அவருடைய கட்டுரை 1941இல் வெளியானது. 365 நாளில் ஆற்றில் தண்ணீர் உச்சம் தொட்ட ஒரு நாளை மட்டும் எடு. இப்படி வருடத்துக்கு ஒன்றாகச் சேர். அந்த உச்சங்கள் எந்த ஒழுங்கில் பரவிக் கிடக்கின்றன என்று பார். இதுதான் அவர் வழி. அதற்கான கணிதத்தை 1928இல் ஃபிஷரும் டிப்பெட்டும் எழுதியிருந்தார்கள். இதில் டிப்பெட் பிரிட்டனின் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். நூல் அறுவது அதன் ஆகப் பலவீனமான இடத்தில்தான் என்பது அவருக்கு அன்றாடப் பிரச்சினை. ஆகச் சிறியதற்கும் ஆகப் பெரியதற்கும் ஒரே கணிதம்தான் என்பதால், நூலாலையில் பழகிய கணக்கு ஆற்றுக்கும் வந்து சேர்ந்தது. இன்று நம் சிவில் பொறியியல் மாணவர்கள் தேர்வுக்குப் படிக்கும் 'கம்பல் முறை' இந்த அகதியினுடையதுதான். அவர் எண்ணிய கொலைகளைப் பற்றிப் பாடப்புத்தகங்கள் பேசுவதில்லை.

நடைமுறையில் வேலை எளிது. 49 ஆண்டுப் பதிவு இருந்தால், பட்டியலில் முதலிடம் பிடித்த வெள்ளத்துக்கு 50 ஆண்டு என்றும், இரண்டாவதற்கு 25 ஆண்டு என்றும் பெயர் வைத்து, அந்தப் புள்ளிகளுக்குப் பொருந்தும் கோட்டை நூறு வரை நீட்டுகிறார்கள். நீட்டிய பகுதியில் அளந்த தண்ணீர் ஒரு சொட்டுகூட இல்லை என்பதை மறந்துவிடக்கூடாது.

சரி, நூறு? அதைத் தந்தது கணிதம் இல்லை, நிர்வாகம். 1968இல் அமெரிக்கா வெள்ளக் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. எந்த வீடு ஆபத்துப் பகுதியில் இருக்கிறது என்று எங்காவது ஒரு கோடு கிழித்தாக வேண்டும். ரொம்பக் கண்டிப்பாகவும் இல்லாமல் ரொம்பத் தளர்வாகவும் இல்லாமல், எந்த ஆண்டிலும் வருவதற்கு ஒரு சதவீத வாய்ப்புள்ள வெள்ளத்தில் போய் நின்றார்கள். ஒரு சதவீதத்தைத் திருப்பிப் போட்டால் நூறு. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் தர நிர்ணயமும் சிறிய அணைகளுக்கு நூறு ஆண்டு வெள்ளத்தையே சொல்கிறது. பெரிய அணைகள், வரக்கூடிய அதிகபட்ச வெள்ளத்தையே தாங்க வேண்டும்.

இந்தப் பெயரே ஆளை ஏமாற்றும். போன வருடம் வந்துவிட்டது, இனி நூறு வருடம் நிம்மதி என்று நினைக்கவைக்கும். உண்மையில் 30 வருட வீட்டுக் கடனை அடைத்து முடிப்பதற்குள் அந்த வெள்ளம் ஒரு தடவையாவது வீட்டுக்குள் நுழைய 26 சதவீத வாய்ப்பு இருக்கிறது. நூறு ஆண்டு முழுக்கக் காத்திருந்தாலும் 63 சதவீதம்தான்.

கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு குஜராத்தின் மோர்பி சாட்சி. அந்த ஊருக்கு அருகிலுள்ள மச்சு-2 அணையின் மதகுகள் விநாடிக்குச் சுமார் 5,660 கன மீட்டரை வெளியேற்றும்படி கட்டப்பட்டிருந்தன. 1979 ஆகஸ்ட் 11 அன்று வந்த வெள்ளம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மண்ணால் ஆன கரைகள் உடைந்தன. செத்தவர்கள் 1,800 பேர் என்பார்கள், 25,000 என்பாரும் உண்டு. அணையைத் திரும்பக் கட்டியபோது வெளியேற்றும் திறனை ஏறத்தாழ நான்கு மடங்காக்கினார்கள்.

பதிவேடு போதாதபோது மண்ணைக் கேட்கலாம் என்றவர் அரிசோனாவின் விக்டர் பேக்கர். பெருவெள்ளம், பள்ளத்தாக்கின் ஓரத்தில் வேகம் தணிந்த இடங்களில் வண்டலைப் படியவிட்டுப் போகிறது. அதோடு அகப்பட்ட கரித்துண்டைக் கார்பன் சோதனைக்கு அனுப்பினால் காலம் தெரியும். புணேயின் விஸ்வாஸ் காலே, பேக்கர் முதலானோருடன் சேர்ந்து நர்மதையில் இப்படித் தோண்டிப் பார்த்தார். பெருவெள்ளங்கள் அங்கே சீரான இடைவெளியில் வரவில்லை. சில நூற்றாண்டுகளில் கூட்டமாக வந்திருக்கின்றன, சில நூற்றாண்டுகளில் காணவே இல்லை. அந்த அமைதியான நூற்றாண்டுகளில் ஒன்றை மட்டும் அளந்துவிட்டு கும்பெலின் கோட்டை நீட்டியிருந்தால், கிடைத்திருக்கும் அணை மச்சு-2 போலத்தான் இருந்திருக்கும்.