ஜீன்ஸை நம்பி மலை ஏறாதீங்க!

போன நவம்பர். மேட்டுப்பாளையத்தில் வேன் ஏறினப்போ வேர்த்துக் கொட்டியது. ஊட்டி தாண்டி தொட்டபெட்டாவில் இறங்கினப்போ பல் தந்தியடித்தது! 2,637 மீட்டர் உயரமாச்சே. 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும்னு ஸ்கூலில் படித்தது அன்னிக்குத்தான் உடம்புக்குப் புரிந்தது.

'வெயில் அடிக்குதே'ன்னு ஜீன்ஸ், டீ-ஷர்ட்டோடு வந்த நண்பன், பத்து நிமிஷ மழையில் தொப்பலாக நனைந்தான். நனைந்த பருத்தித் துணி லேசில் காயாது; உடம்புச் சூட்டையும் உறிஞ்சிடும். அவனுக்குக் கை நடுங்கி, பேச்சு குழற ஆரம்பிச்சதும் எங்களுக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. ஈரத்துணியைக் கழற்றி, என் எக்ஸ்ட்ரா ஸ்வெட்டரை மாட்டி, சூடா டீ கொடுத்த பிறகுதான் ஆள் தெளிந்தான்.

அதனால ஃப்ரெண்ட்ஸ், தடியான ஒரு ஜெர்கினை விட மெல்லிசா மூணு அடுக்கு பெஸ்ட். உள்ளே சீக்கிரம் காயும் பாலியஸ்டர் டீ-ஷர்ட், நடுவில் கம்பளி ஸ்வெட்டர், மேலே ரெயின்கோட். வெயில் வந்தா ஒண்ணைக் கழற்றுங்க. மேகம் வந்தா மாட்டுங்க. குல்லாவும் ரெண்டு ஜோடி சாக்ஸும் கட்டாயம். நீலகிரியில் பிளாஸ்டிக் கேரிபேக்குக்குத் தடை. மாற்றுத்துணி நனையாமலிருக்க பேக்குக்கு ரெயின் கவர் வாங்கிடுங்க.

டிசம்பர், ஜனவரின்னா உறைபனியே விழும். ஸ்டைலா போட்டோ எடுக்கலாம்... கை நடுங்காம இருந்தா!