கிராக்கன்: கற்பனையும் கணவாயும்

கடல் மனிதனுக்கு உணவைத் தந்தது, வணிகத்தைத் தந்தது, கூடவே அச்சத்தையும் தந்தது. கண்ணுக்கு எட்டாத ஆழத்தில் என்ன இருக்கிறது என்ற வினாவுக்கு விடை கிடைக்காதபோது, மனித மனம் தானே ஒரு விடையைப் படைத்துக்கொள்கிறது. நார்வே நாட்டுக் கடலோர மக்கள் அவ்வாறு படைத்துக்கொண்ட விலங்கே கிராக்கன். அவ்விலங்கின் வரலாறு, அறிவு எவ்வாறு வளர்கிறது என்பதன் வரலாறும் ஆகும்.

மீனவர் கண்ட தீவு

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நார்வேயின் பெர்கன் நகரில் பேராயராக விளங்கியவர் எரிக் பொன்டோப்பிடான். இறைப்பணியோடு இயற்கை ஆய்விலும் நாட்டம் கொண்டிருந்த அவர், 1752, 1753ஆம் ஆண்டுகளில் நார்வேயின் இயற்கை வரலாற்றை இரு பகுதிகளாக வெளியிட்டார். மரம், கல், பறவை, மீன் ஆகியவற்றோடு கிராக்கனுக்கும் அந்நூலில் இடம் தந்தார்.

அவருக்குச் செய்தி தந்தவர்கள் மீனவர்கள். கோடைக்காலத்தில் கரையிலிருந்து நெடுந்தொலைவு சென்று அவர்கள் நூலிட்டு ஆழம் பார்ப்பர். எண்பது முதல் நூறு பாகம் வரை ஆழம் இருக்க வேண்டிய இடத்தில், சில நாள்களில் இருபது, முப்பது பாகமே இருக்கும். அங்கே மீன்கள் திரளாகக் கிடைக்கும். அடியில் கிராக்கன் படுத்திருக்கிறது என அவர்கள் முடிவு செய்வர். ஆழம் மேலும் குறைந்தால், அது மேலெழுகிறது என அஞ்சி விரைந்து துடுப்புப் போட்டு விலகுவர். பின்னர், அதன் முதுகு சிறுசிறு தீவுகளின் கூட்டம்போல் நீர்மேல் தோன்றும் என்றும், அது மூழ்கும்போது எழும் சுழலே படகுகளுக்குப் பேரிடர் என்றும் அவர்கள் கூறினர்.

பல மீனவர்கள் வேறுபாடின்றி ஒன்றுபோல் கூறியதால் பேராயர் அதனை நம்பினார். அவ்விலங்கின் முதுகின் சுற்றளவு ஏறத்தாழ ஒன்றரை மைல் என எழுதினார். எனினும், அதன் முழு உடலை எவரும் கண்டதில்லை என்பதையும் மறைக்காமல் பதிவு செய்தார்.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கடலடி மேடுகளின்மேல் மீன்கள் திரள்வது இயல்பு. ஆழம் குறைந்ததும் மீன் மிகுந்ததும் மீனவர்களின் பட்டறிவு. அதற்குக் காரணம் கிராக்கன் என்பது அவர்கள் தந்த விளக்கம். கண்டதையும் அதற்குக் கற்பித்த காரணத்தையும் பேராயர் பிரித்துப் பார்க்கவில்லை. மெய்யும் கற்பனையும் ஒரே வலையில் அகப்பட்டன.

மிகைப்படுத்தியவரின் வீழ்ச்சி

அடுத்து வந்தவர் பிரெஞ்சு நாட்டு மெல்லுடலி ஆய்வாளர் பியர் தெனி தெ மோன்போர். திமிங்கில வேட்டையாடிய மாலுமிகள், வேட்டையாடிய திமிங்கிலத்தின் வாயில் மிகப்பெரிய உணர்கை ஒன்றைக் கண்டதாகக் கூறியதை அவர் கேட்டறிந்தார். பயனுள்ள சான்று அது. ஆயினும் அவர் அதனோடு நிறைவடையவில்லை. 1801, 1802ஆம் ஆண்டுகளில் வெளிவந்த தம் நூலில், பாய்மரக் கப்பலையே கைகளால் வளைத்து இழுக்கும் மாபெரும் எண்காலியின் படத்தைச் சேர்த்தார். 1782இல் கடலில் மறைந்த பத்துக் கப்பல்களையும் அத்தகைய விலங்கே மூழ்கடித்திருக்க வேண்டும் என்று வாதிட்டார்.

அக்கப்பல்கள் கடும்புயலில் சிக்கியவை என்பதை உயிர்தப்பியவர்கள் அறிந்திருந்தனர். மோன்போரின் நற்பெயர் சரிந்தது. அவர் பாரிஸ் நகரில் வறுமையுற்று இறந்தார். ஒருவர் சொன்ன மிகை, அவர் சொன்ன மெய்யையும் சேர்த்து அழித்தது. அதன்பின் கடல் மாலுமிகளின் பேச்சையே அறிஞர் பலர் ஐயத்துடன் நோக்கினர்.

அலகு காட்டிய உண்மை

1853இல் டென்மார்க்குக் கடற்கரையில் பெரிய கணவாய் ஒன்று ஒதுங்கியது. அதன் உடலை மீனவர்கள் தூண்டில் இரைக்காக வெட்டிவிட்டனர். எஞ்சியது அலகு மட்டுமே. கிளியின் அலகை ஒத்த அவ்வுறுப்பை ஆராய்ந்த ஜபேட்டஸ் ஸ்டீன்ஸ்ட்ரப், 1857இல் அவ்விலங்குக்கு 'ஆர்கிட்யூதிஸ்' என்னும் அறிவியல் பெயரைச் சூட்டினார்.

1861இல் 'அலெக்டன்' என்னும் பிரெஞ்சுக் கப்பல் கானரித் தீவுகளுக்கு அருகே ஒரு பெருங்கணவாயை எதிர்கொண்டது. மாலுமிகள் எறியீட்டி எறிந்தனர். சுருக்குக் கயிறும் இட்டனர். உடல் அறுந்து ஆழத்தில் மறைய, வால்பகுதியின் துண்டு மட்டுமே கைக்கு வந்தது. அதன் பின்னரும் அறிஞர் சிலர் நம்ப மறுத்தனர்.

1873இல் நியூபவுண்ட்லாந்து மீனவர்கள், தம் படகைப் பற்றிய பெருங்கணவாயின் உணர்கையை வெட்டிக் கரைக்குக் கொணர்ந்தனர். அத்துண்டின் நீளமே 19 அடி. அதனை விலைகொடுத்து வாங்கிய மோசஸ் ஹார்வி என்னும் சமயப் பணியாளர், சில வாரங்களில் வலையில் அகப்பட்ட மற்றொரு பெருங்கணவாயையும் பெற்று ஒளிப்படம் எடுக்கச் செய்தார். ஐயத்துக்கு இனி இடமில்லாது போயிற்று.

ஆழத்தின் உயிர்

நம் கடற்கரைச் சந்தைகளில் விற்கப்படும் கணவாய்க்கு உறவான இப்பெருங்கணவாய், எட்டுக் கைகளும் இரையைப் பற்றும் இரண்டு நீண்ட உணர்கைகளும் உடையது. உணர்கைகளையும் சேர்த்து அளந்தால் ஏறத்தாழ 13 மீட்டர் வரை வளரும். அதற்கு மூன்று இதயங்கள் உண்டு. குருதி நீலநிறம் உடையது. தசையில் செறிந்துள்ள அம்மோனியம் உப்பு அதனை மிதக்கச் செய்கிறது. கண்ணின் விட்டம் சுமார் 27 செ.மீ.; கால்பந்தினும் பெரிது. அதனை வேட்டையாடுவது எண்ணெய்த் திமிங்கிலம். அத்திமிங்கிலத்தின் வயிற்றில் செரிக்காமல் எஞ்சும் கணவாய் அலகுகளே இதற்குச் சான்று.

உயிருடன் உலவும் பெருங்கணவாயை அதன் இயல்பான வாழிடத்தில் காண, மனிதன் 2004 வரை காத்திருந்தான். ஜப்பானின் ஒகசவாரா தீவுகளுக்கு அருகே, சுமார் 900 மீட்டர் ஆழத்தில் இரையோடு இறக்கப்பட்ட ஒளிப்படக் கருவி, 500க்கும் மேற்பட்ட படங்களைப் பதிவு செய்தது. தூண்டிலில் சிக்கிய கணவாய் நான்கு மணிநேரத்துக்கும் மேலாகப் போராடி, ஓர் உணர்கையை இழந்து தப்பியது.

ஒன்றரை மைல் சுற்றளவு எங்கே, 13 மீட்டர் நீளம் எங்கே! கிராக்கன் கடலில் இல்லை. ஆயினும், ஆழத்தில் பேருயிர் ஒன்று உண்டு என்று சொன்ன எளிய மக்களின் சொல் முழுப்பொய்யும் அன்று. கேட்டதை எல்லாம் நம்பியவர் ஒருவகையில் தவறினார்; கேட்டதைப் பெருக்கியவர் மற்றொரு வகையில் தவறினார்; கேட்க மறுத்தவர்களும் தவறினர். ஒரு சிறிய அலகைக் கையில் எடுத்து, அது சொல்லும் அளவுக்கு மட்டும் சொன்னவரே உண்மையை நெருங்கினார்.