29 மில்லி செகண்ட்

ஜூன் 3

வடபழனி மிக்ஸிங் ஹாலில் கடைசி நாள். திரைக்குப் பின்னால் இருந்த பெரிய ஸ்பீக்கர்களைப் பழைய சாமான்காரர், பூசணிக்காய் வாங்க வந்தவர் மாதிரி விரலால் தட்டித் தட்டி விலை சொன்னார். கட்டடத்தை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்களாம்.

ஜூன் 9

சாலிகிராமம், மாடி வீடு. யாரோ படுத்துத் தூங்கிய அறைதான் இனி 5.1 மிக்ஸிங் அறை. இடது சரவுண்ட் 110 டிகிரியில் வர வேண்டும், அங்கே ஜன்னல். 120-க்குத் தள்ளினோம், ஐடியு கணக்கில் அதுவரை செல்லும். என் உதவியாளன், தம்பி என்றுதான் கூப்பிடுவேன், அளவு டேப்பைப் பிடித்தான். நாற்காலியிலிருந்து இடது, வலது 2.10 மீட்டர், நடு 1.95, சரவுண்ட் இரண்டும் 1.60. தூரத்தில் இருப்பவன் வந்து சேரும்வரை பக்கத்தில் இருப்பவன் காத்திருக்க வேண்டும், டிலே என்றால் அவ்வளவுதான். ஒலி ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 2.9 மில்லி செகண்ட். நடுவுக்கு 0.4, சரவுண்டுக்கு 1.4 போட்டான். இன்னும் ஏசி மாட்டவில்லை. சூட்டில் ஒலி கொஞ்சம் வேகமாக ஓடும், இந்த அரை மீட்டருக்கு அதையெல்லாம் பார்க்க வேண்டாம் என்றேன்.

ஜூன் 10

லெவல் வைக்கும் நாள். மைனஸ் 20-ல் பிங்க் நாய்ஸ், மீட்டர் சி வெயிட்டிங், ஸ்லோ. ஹாலில் முன் ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் 85 டெசிபல், சரவுண்ட் 82. இந்த அறைக்கு 79 போதும், சரவுண்டும் அதே 79 என்கிறான் தம்பி. கேட்கவே கோபம் வருகிறது. ஆனால் 85 வைத்தபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

மூன்றாவது ஸ்பீக்கரில் இருக்கும்போது கீழ் வீட்டு அம்மா மூச்சு வாங்க மேலே வந்தார். "ஏம்ப்பா, டேங்க் வழியுதே, மோட்டாரை நிறுத்த மாட்டீங்களா?"

ஸ்பீக்கரைக் காட்டினேன். நிறுத்தினேன், மறுபடி போட்டேன். "இதுக்கா இவ்வளவு பெரிய பொட்டி?" என்றார். நம்பாமல் மொட்டை மாடிக்கே போய், டேங்க் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். இறங்கும்போது, "லாரித் தண்ணி விக்கிற விலையில இந்தச் சத்தத்தை வெச்சு விளையாடாதீங்க" என்றார்.

சப்-வூஃபர் சாயங்காலம். அதன் எல்எஃப்இ பேண்டுக்குள் 10 டெசிபல் கூடுதல் இருக்க வேண்டும், ஆனால் மீட்டர் 4 போலத்தான் ஏறும். புதுப் பையன்கள் மீட்டரில் பத்தைத் தேடி முறுக்கி, வீட்டையே ஆட்டி விடுவார்கள். தம்பி முறுக்கவில்லை. 83-ல் விட்டான்.

ஜூன் 11

கரண்ட் இல்லை.

ஜூன் 16

வெப் சீரிஸ், முதல் எபிசோட். உதடு அசைவதற்கு முன்பே வசனம் வந்துவிடுகிறது. எல்லா ஆளுக்கும், எல்லா ஷாட்டிலும். டப்பிங் எடிட்டரைக் கூப்பிட்டுக் கேட்டால் அவர் பக்கம் சரியாக இருக்கிறது. டீ வந்தது, ஆறியது. தம்பி டிவியைச் சந்தேகப்படுகிறான்: உள்ளே படத்தைப் பளபளப்பாக்கிவிட்டுத் தருகிறது, அதனால் படம் பின்தங்குகிறது என்று.

ஜூன் 17

போனை டிவியையும் நடு ஸ்பீக்கரையும் ஒட்டி நிறுத்தி, நொடிக்கு 240 ஃப்ரேமில் எடுத்தான். திரையில் வெள்ளை மின்னலும் ஸ்பீக்கரில் 'பீப்'பும் ஒரே நேரத்தில் வரும் கிளிப். பீப் வந்து 12 ஃப்ரேம் கழித்துத்தான் வெள்ளை. 50 மில்லி செகண்ட். ஆறு சேனலுக்கும் சேர்த்து 50 டிலே ஏற்றினான். திரும்ப எடுத்தோம். இரண்டும் ஒட்டிவிட்டன.

எனக்கு இன்னும் முன்னால்தான் வருகிறது. அவனிடம் சொல்லவில்லை.

ஜூன் 20

தூக்கம் வரவில்லை. ஹாலில் திரையிலிருந்து என் நாற்காலி 12 மீட்டர். அப்படியென்றால் 35 மில்லி செகண்ட். படத்தில் ஒரு ஃப்ரேமே கிட்டத்தட்ட 42. இத்தனை வருஷமும் எல்லா நடிகரும் எனக்குக் கிட்டத்தட்ட ஒரு ஃப்ரேம் தாமதமாகத்தான் பேசியிருக்கிறார்கள். 1996-ல் 'கருப்பு ரோஜா' டிடிஎஸ்ஸில் வந்தபோது, பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்த ஜனத்தில் நானும் ஒருவன். கடைசி வரிசையில் உட்கார்ந்தவனுக்கு இதைவிடத் தாமதமாகத்தான் வசனம் வந்திருக்கும். டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டவன் எவனும் இல்லை.

இங்கே 6 மில்லி செகண்ட்.

ஜூன் 21

தம்பி சாப்பிடப் போன நேரத்தில் 50-ஐ 79 ஆக்கினேன். கதாநாயகி அழும் காட்சியை ஓட்டினேன். அப்பாடா.

ஜூன் 25

இரண்டு எபிசோட் முடிந்தது. வால்யூம் குமிழில் 79-ஐக் குறிக்கத் தம்பி ஒட்டிய டேப் அப்படியே இருக்கிறது. காது இரைச்சல் இல்லாமல் வீட்டுக்குப் போகிறேன், வீட்டில்தான் டிவியைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போடுகிறேனாம்.

ஜூலை 1

"சார், டிலே 79-னு இருக்கே. லெவலை யாராவது தப்பா இங்க போட்டுட்டாங்களா?"

"நான்தான் போட்டேன்."

கணக்குப் போட்டான். "29 ஜாஸ்தி. எதுக்கு சார்?"

மானிட்டரில் மட்டும்தானே, ஃபைலில் போகாது என்றேன். "அதில்ல சார். இதைக் கேட்டு நீங்க ஒரு டயலாக்கைப் பிடிச்சு முன்னாடி இழுத்துட்டா, வெளியில அது வாய் திறக்கிறதுக்கு முன்னாடி வந்துடுமே?"

நான் எதையும் இழுக்கவில்லை. எல்லாம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அவன் செஷனைத் திறந்து ஒவ்வொரு கிளிப்பாகச் சரிபார்த்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

நாளை காலை தயாரிப்பாளர் தரப்பிலிருந்து பார்க்க வருகிறார்கள். "50-க்கு மாத்திடட்டுமா சார்?" என்றான்.

"அவங்க எத்தனை மணிக்கு வர்றாங்கன்னு முதல்ல கேளு" என்றேன்.