மழைக்கால விடுமுறையும் நம் பிள்ளைகளின் தமிழும்



சிங்கப்பூரில் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நவம்பர் பிற்பகுதியில் தொடங்கி டிசம்பர் முடியும்வரை ஏறத்தாழ ஆறு வாரங்கள் நீள்கிறது. வடகிழக்குப் பருவமழை வலுப்பதும் அக்காலத்தில்தான். ஓராண்டில் மிகுதியாக மழை பொழியும் மாதம் டிசம்பர். சராசரியாக 300 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கிறது. வெயிலுக்குப் பழகிய நமக்கு இதுவே குளிர்காலம்!

வசதி படைத்தோர் பனியைக் காண ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் செல்கின்றனர். அதில் தவறேதும் இல்லை. ஆனால், வெளிநாடு செல்ல இயலாத குடும்பங்கள், "மழை பெய்கிறதே, எங்கே போவது?" என்று பிள்ளைகளை வீட்டிலேயே இருத்திவிடுகின்றன. கைத்தொலைபேசியே அவர்களுக்குத் துணையாகிவிடுகிறது.

இதன் விளைவை ஜனவரியில் வகுப்பறையில் காண்கிறோம். பள்ளி திறந்ததும் விடுமுறை அனுபவத்தை எழுதச் சொல்வது நம் வழக்கம். ஒருமுறை தொடக்கநிலை நான்கில் பயின்ற மாணவன் ஒருவன் வெற்றுத்தாளுடன் அமர்ந்திருந்தான். காரணம் கேட்டபோது, "நான் எங்கும் போகவில்லை, ஆசிரியை" என்றான் தலைகுனிந்தவாறு. பக்கத்து மாணவி பனிச்சறுக்கைப் பற்றி இரண்டாம் பக்கம் எழுதிக்கொண்டிருந்தாள். "சன்னலில் பார்த்த மழையைப் பற்றி எழுதலாமே" என்றேன். 'மழை பெய்தது' என்று எழுதினான். அதற்குமேல் எழுதுகோல் நகரவில்லை.

தூறல், சாரல், அடைமழை, ஈரக்காற்று ஆகிய சொற்கள் அவனிடம் இல்லை. ஆறு வாரமும் மழையைப் பார்த்தவனுக்கு அம்மழையைத் தமிழில் பேசிக்காட்ட அருகில் ஒருவர் இல்லை என்பதே உண்மை. 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 3.3 விழுக்காட்டினர் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசினர். 2020இல் அது 2.5 விழுக்காடாகக் குறைந்தது. வகுப்பறை மட்டும் இச்சரிவைத் தடுத்து நிறுத்திவிட முடியுமா?

முடியாது. பிள்ளையின் கண்முன் ஒரு பொருளும், காதருகே அதற்குரிய சொல்லும் ஒருசேர வரவேண்டும். அதற்கு அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. அதிகச் செலவும் இல்லை. நான் பரிந்துரைக்கும் சில உலாக்கள் இவை.

1. வடக்கிலிருந்து வரும் விருந்தினர்

சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம். மலாய் மொழியில் 'சுங்கை' என்றால் ஆறு, 'பூலோ' என்றால் மூங்கில். முன்பு இறால் குளங்கள் இருந்த இவ்விடத்தின் அருமையை 1986இல் இயற்கை ஆர்வலர்கள் உணர்த்தினர். 1993இல் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டு, 2002இல் இயற்கை வனக் காப்பகமாக உயர்ந்தது. நுழைவுக் கட்டணம் இல்லை.

செப்டம்பர் முதல் மார்ச் வரை இங்கே வலசைப் பறவைகளைக் காணலாம். வடக்கே சைபீரியா போன்ற இடங்களில் நிலம் உறைந்துவிடுவதால், சேற்றிலுள்ள புழுக்களும் நத்தைகளும் அவற்றுக்குக் கிட்டுவதில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து நம் சேற்றுநிலத்தை நாடி வருகின்றன. குளிரைக் காண நாம் வடக்கே பறக்கும் வேளையில், குளிருக்கு அஞ்சி அவை இங்கே வருகின்றன என்பதைச் சொன்னால் பிள்ளைகள் வியப்பார்கள்!

பெயர்களைத் தமிழிலேயே சொல்லுங்கள். சிவந்த கால்களுடையது பவளக்காலி. பசுமை கலந்த கால்களுடையது பச்சைக்காலி. பெயரே அடையாளத்தையும் சொல்லிவிடுகிறது. கரையில் நிற்பவை அலையாத்தி மரங்கள். அலையின் வேகத்தை ஆற்றுவதால் அப்பெயர் வந்தது என்பர். உடும்பையும், சேற்றில் தாவும் மீனையும், சில நாள்களில் முதலையையும்கூடக் காணலாம். கடல்நீர் ஏறியிருக்கும் நேரத்தில் செல்வது நலம். வெளியிலுள்ள சேற்றுத்திட்டுகள் மூழ்கிவிடுவதால் பறவைகள் உள்ளே இருக்கும் குளங்களுக்கு வந்து ஓய்வெடுக்கும். இடி மின்னல் இருப்பின் பயணத்தை ஒத்திவையுங்கள்.

2. நனையாமல் ஒரு நடை

தேக்கா பகுதியின் கடைவீடுகளுக்கு முன்னால் செல்லும் கூரையிட்ட நடைபாதையை நம் பெரியோர் 'அஞ்சடி' என்று அழைத்தனர். வீடுகளின் முன்னே தொடர்ச்சியான கூரைப்பாதை விடப்பட வேண்டுமென 1822ஆம் ஆண்டு நகரத் திட்டத்திலேயே ராஃபிள்ஸ் விதித்தார். வெயிலுக்கும் மழைக்குமான ஏற்பாடு அது. மழைநாளில் நடந்து பார்த்தால் அதன் பயன் பிள்ளைக்குத் தானாகவே விளங்கும்.

நடக்கும்போதே தெருப்பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் அருகருகே உள்ளன. ஒன்று ஆங்கிலம், மற்றது மலாய். இரண்டிற்கும் பொருள் எருமை! முன்னாளில் இங்கே நடந்த கால்நடைத் தொழிலின் நினைவு அது. சிராங்கூன் என்பதும் 'ரங்கோங்' என்னும் நீர்ப்பறவையின் மலாய்ப் பெயரிலிருந்து வந்ததாகக் கூறுவர்.

மழை வலுத்தால் கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்திற்குள் நுழைந்துவிடலாம். நுணுக்கமான சிற்பங்கள் நிறைந்த செட்டிநாட்டு மரவாயில் ஒன்றைக் கண்ட பிள்ளை, 'கதவு', 'நிலை', 'தச்சர்' என்னும் சொற்களை எளிதில் மறக்காது.

3. நூலகம்

அருகிலுள்ள பொது நூலகத்திற்கு வாரம் ஒருமுறையேனும் செல்லுங்கள். தமிழ்ச் சிறுவர் நூல்களுக்குத் தனி அலமாரி இருக்கும். நூலைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். படங்கள் மிகுந்த மெல்லிய நூலாயினும் தடுக்காதீர்கள். வீடு திரும்பியதும் ஒருநாள் நீங்கள் படித்துக் காட்டுங்கள். மறுநாள் பிள்ளை படிக்கட்டும்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். உலாவைத் தேர்வாக மாற்றிவிடாதீர்கள். "இதற்குத் தமிழில் என்ன?" என்று நூறு முறை வினவினால் அடுத்த வாரம் பிள்ளை வரமாட்டேன் என்றே சொல்லும். நீங்கள் இயல்பாகப் பேசிக்கொண்டே நடந்தால் போதும். வேலைநேரம் ஒத்துவராத பெற்றோர், வீவக அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் பத்து நிமிடம் நின்று மழையை வேடிக்கை பார்த்தாலும் அது ஓர் உலாவே. தாத்தா பாட்டி உடனிருந்தால் இன்னும் சிறப்பு. மழைக்கு அவர்களிடம் உள்ள சொற்கள் நம்மிடம் இல்லை.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. 'விடுமுறையில் நான் சென்ற இடம்' என்னும் தலைப்பு சில பிள்ளைகளைத் தலைகுனிய வைக்கிறது. அதற்கு மாற்றாக, 'நான் கண்ட ஒரு பறவை', 'எங்கள் புளோக்கில் ஒரு மழைநாள்' என்று கேட்டுப் பார்ப்போமே! அப்போது விமானம் ஏறிய பிள்ளையும் ஏறாத பிள்ளையும் ஒரே வரிசையில் நின்று எழுதத் தொடங்குவர்.

இவ்விடுமுறையில் குடை ஒன்றை எடுத்துக்கொண்டு பிள்ளையின் கைபிடித்துப் புறப்படுங்கள். பேசிக்கொண்டே நடங்கள், தமிழில்!