முத்திரை ஒருவர் கையில், வாயில் இன்னொருவர் கையில்

தமிழ் ஆய்வாளர்களுக்கு மைசூர் என்றதும் கல்வெட்டு மைப்படிகள் நினைவுக்கு வருவது இயல்பு. தமிழகத்திலிருந்து அந்த ஊருக்குச் சென்ற இன்னோர் ஆவணத்தைப் பற்றிப் பேச்சு எழுவது குறைவு. தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர், கிரந்த எழுத்தில் அமைந்த ஓலைச்சுவடி ஒன்றை மைசூர் கீழ்த்திசை நூலகத்தில் ஒப்படைத்தார். அச்சுவடி கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் என்பதை 1905-இல் கண்டறிந்தவர் நூலகர் ஆர். சாமசாஸ்திரி. 1909-இல் மூலம் அச்சேறியது. 1915-இல் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. 1891-இல் தொடங்கப்பெற்ற அந்நூலகமே பின்னாளில் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் ஆயிற்று.

அந்நூலின் இரண்டாம் பகுதியில் முத்திரை அதிகாரி ஒருவர் வருகிறார். ஒரு மாஷகக் கட்டணம் பெற்றுக்கொண்டு கடவு முத்திரை வழங்குவது அவர் வேலை. முத்திரை உடையவரே நாட்டுக்குள் வரலாம், நாட்டைவிட்டுப் போகலாம். முத்திரையின்றிப் பிடிபட்ட உள்நாட்டவருக்கு 12 பணம் தண்டம். பொய் முத்திரைக்கு அதனினும் கடிய தண்டனை. இவ்வளவில் வியப்பொன்றுமில்லை. வியப்பு அடுத்த விதியில் இருக்கிறது: முத்திரையைச் சோதிப்பவர் அதை வழங்கியவர் அல்லர், மேய்ச்சல் நிலங்களின் அதிகாரி. வருபவர் இன்னார் என்று அறிய வேண்டிய பொறுப்பு அவருக்கு இல்லை. முத்திரை மெய்யா பொய்யா என்று பார்த்தால் போதும்.

(பண்டைய இந்தியாவில் கணினிப் பாதுகாப்பு இருந்தது என்று இதை எடுத்துக்கொண்டு எவரும் மேடையேற வேண்டியதில்லை. ஆளை அறிவதும் வாயிலைக் காப்பதும் வெவ்வேறு வேலைகள் என்பது எந்த அரசும் விரைவில் கண்டுகொள்ளும் உண்மை.)

‘ஒற்றை உள்நுழைவு’ என்று இன்று வழங்கும் ஏற்பாடு இந்தப் பிரிவினையின் மேல்தான் நிற்கிறது. கடவுச்சொல்லைக் கேட்டு ஆளை அறிவது ஒரே ஒரு மையம். அதை அடையாள வழங்கி எனலாம். நூலகம், விடுதி, தேர்வுக் கட்டணம், ஆய்வேட்டுச் சமர்ப்பிப்பு என்று நிறுவனம் தனக்கெனத் தானே எழுதிக்கொண்ட இணையச் செயலிகள் எல்லாம் அம்மையம் தரும் சான்றை மட்டும் சரிபார்த்து உள்ளே விடுகின்றன. எஸ்.ஏ.எம்.எல். என்னும் நெறிமுறையின் 2005-ஆம் ஆண்டுப் பதிப்பும், 2014-இல் வந்த ஓப்பன்ஐடி கனெக்டும் இச்சான்று எவ்வடிவில் பயணம் செய்ய வேண்டும் என்பதை வரையறுப்பவை.

முத்திரை எத்தனை நாள் செல்லும் என்பது பற்றி அர்த்தசாஸ்திரத்தின் அப்பகுதி ஒன்றும் சொல்வதில்லை. அமர்வுக் கட்டுப்பாடு என்னும் துறை முழுவதும் அந்த ஒரு கேள்விக்கான விடைதான்.

ஆய்வு மாணவர்கள் பலருக்கு இவ்வேற்பாடு ஏற்கெனவே பழகியது. 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், அரசு நடத்தும் 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள். மாநிலப் பல்கலைக்கழகமான மைசூரின் மானசகங்கோத்ரி வளாகமும் இவ்வகைக்குள் அடங்குவதே. வளாகத்துக்கு வெளியிலிருந்து இதழைத் திறக்க உதவுவது, காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் ‘இன்ஃபெட்’ கூட்டமைப்பு. பதிப்பகத்தின் தளத்தில் தம் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்ததும் மாணவர் அடையாள வழங்கியிடம் அனுப்பப்படுகிறார். கடவுச்சொல் தந்ததும் சான்றோடு பதிப்பகத்துக்கே திரும்புகிறார். கடவுச்சொல்லைப் பதிப்பகம் கண்ணால் காண்பதில்லை.

இங்கே பலர் கவனியாமல் விடும் ஒன்று நிகழ்கிறது. சான்றைப் பெற்றுக்கொண்ட செயலி தனக்கெனத் தனியே ஓர் அமர்வைத் தொடங்கி, உலாவியில் தன் குக்கீயை வைக்கிறது. மையத்திடம் வேறோர் அமர்வு ஏற்கெனவே உயிரோடு இருக்கிறது. மாணவர் அன்று நான்கு செயலிகளைத் திறந்தால், உள்நுழைந்தது ஒருமுறை. ஓடிக்கொண்டிருப்பவை ஐந்து கடிகாரங்கள். ‘ஒற்றை’ என்னும் அடைமொழி உள்நுழைவுக்கு மட்டுமே உரியது.

அந்தக் கடிகாரங்களை யார் முடுக்கினார்கள் என்று தேடினால் விடை பெரும்பாலும் ‘யாரும் இல்லை’ என்பதுதான். மென்பொருளை எழுதியவர் போட்டுவைத்த இயல்பு மதிப்புகள் அப்படியே ஓடுகின்றன. ‘கீக்ளோக்’ என்னும் திறமூல அடையாள வழங்கியில் செயலற்றிருக்க அனுமதி 30 நிமிடம், மொத்த ஆயுள் 10 மணி நேரம். மைக்ரோசாஃப்ட் என்ட்ராவில் மீண்டும் கடவுச்சொல் கேட்கும் இடைவெளி, தொடர்ந்து புதுப்பித்துக்கொள்ளும் 90 நாள். செயலிப் பக்கம் இன்னும் விந்தை: ஜாங்கோவில் எழுதப்பட்ட செயலியின் அமர்வு இரண்டு வாரம் நிற்கும், பி.எச்.பி.யில் எழுதப்பட்டது 24 நிமிடம் தொடப்படாத அமர்வுத் தரவைக் குப்பை என்று கருதத் தொடங்கிவிடும்.

ஆகவே, ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டுச் சமர்ப்பிப்புப் பக்கத்தைப் பி.எச்.பி.யிலும் விடுதிப் பக்கத்தை ஜாங்கோவிலும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு குழுவினர் எழுதியிருந்தால் நேரக்கூடியது இது. ஆய்வுச் சுருக்கத்தை அரை மணி நேரம் நிதானமாகத் தட்டச்சு செய்த மாணவி ‘சமர்ப்பி’ என்பதை அழுத்துகிறாள். உள்நுழைவுப் பக்கம் வந்து நிற்கிறது, எழுதியது போயிற்று. அதே நூலகக் கணினியில் மறுநாள் காலை அமரும் இன்னொருவருக்கு, அவளுடைய விடுதிக் கணக்கு, வங்கி விவரத்தோடு, திறந்தபடி கிடைக்கிறது. கடுமை வேண்டாத இடத்தில் கடுமை, வேண்டிய இடத்தில் தாராளம். இதில் எவருடைய தீய எண்ணமும் இல்லை; எவருடைய எண்ணமுமே இல்லை என்பதுதான் குறை.

பொதுக் கணினியே இத்துறையின் பிறப்பிடம் என்பதை நினைத்தால் இந்த மறதி உறுத்துகிறது. 1983-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தொடங்கிய ‘அதீனா’ திட்டத்தில், மாணவர்கள் வளாகமெங்கும் உள்ள எந்தக் கணினியிலும் அமரலாம் என்ற நிலை உருவானது. ஒவ்வொரு சேவைக்கும் கடவுச்சொல் தருவது இயலாத காரியம் என்றபோது கெர்பரோஸ் முறை எழுந்தது. அதன் அனுமதிச் சீட்டுக்கு 8 மணி நேர ஆயுள் வைத்தார்கள். அம்முறையை விளக்க பில் பிரையன்ட் 1988-இல் எழுதிய நான்கு காட்சி நாடகம் ஒன்று இன்றும் படிக்கத் தக்கது. அதீனா ஒவ்வொரு திட்டமாக முன்வைக்க, யூரிப்பிடீஸ் என்னும் கதைமாந்தர் ஒவ்வொன்றையும் உடைக்கிறார். எழுந்து சென்றவரின் சீட்டுகள் கணினியிலேயே கிடக்குமே என்பது அவர் எழுப்பும் தடைகளில் ஒன்று. வெளியேறும்போது சீட்டுகளை அழிக்க வேண்டும், அழிக்காமல் போனாலும் தாமே காலாவதியாக வேண்டும் என்ற இரண்டு விடைகளும் அன்றே கிடைத்துவிட்டன.

இன்று உலாவியை மூடினால் போதும் என்று பலரும் நம்புகிறார்கள். விட்ட இடத்திலிருந்து தொடரும்படி குரோம் உலாவியை அமைத்திருந்தால், மூடும்போது அழிய வேண்டிய அமர்வுக் குக்கீகளும் மீண்டு வரும்.

‘வெளியேறு’ பொத்தானோ இன்னும் நம்பத் தகாதது. செயலியில் அதை அழுத்தினால் அந்தச் செயலியின் குக்கீ போகிறது. மைய அமர்வு அப்படியே இருப்பதால், அடுத்து வருபவர் ‘உள்நுழை’ என்பதைத் தொட்டதும் கடவுச்சொல் கேளாமலே பழையவரின் பெயரில் உள்ளே போகிறார். மையத்தில் வெளியேறினாலோ, செயலிகளுக்குச் செய்தி போனால் ஒழிய அவை அறிய மாட்டா. உலாவி வழியாகச் செய்தி அனுப்பும் பழைய முறை, பிற தளக் குக்கீகளை உலாவிகள் தடுக்கத் தொடங்கியபின் தள்ளாடுகிறது. சர்வரிலிருந்து சர்வருக்கு நேரே சொல்லும் பின்வழி வெளியேற்றத்தை ஓப்பன்ஐடி அமைப்பு 2022-இல் இறுதித் தரமாக வெளியிட்டது. அதைப் பயன்படுத்த வேண்டுமானால், செயலி தன் அமர்வுகளைச் சர்வரில் பட்டியலிட்டு, ஒவ்வொன்றோடும் மையம் தந்த அமர்வு எண்ணையும் குறித்து வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் குக்கீக்குள்ளேயே பொதிந்து அனுப்பிவிடும் செயலிக்கு, ஓர் அமர்வைக் கொல்வதற்குப் பிடி கிடைக்காது. சொந்தமாகச் செயலி எழுதுவோர் முதல் நாளே எடுக்க வேண்டிய முடிவு இது. பின்னால் மாற்றுவது வீட்டைக் கட்டியபின் அடித்தளம் போடுவது போன்ற வேலை.

திருடப்பட்ட அமர்வு என்ன செய்யும் என்பதற்குப் பெரிய சான்று ஆக்டா நிறுவனத்தில் 2023-இல் நேர்ந்தது. ஒற்றை உள்நுழைவை விற்பதே அந்நிறுவனத்தின் தொழில். செப்டம்பர் 28 முதல் அக்டோபர் 17 வரை அதன் வாடிக்கையாளர் உதவி அமைப்புக்குள் ஊடுருவியோர், 134 வாடிக்கையாளர்களின் கோப்புகளை எட்டினர். பழுது பார்ப்பதற்காக வாடிக்கையாளர்கள் அனுப்பிய உலாவிப் பதிவுகளில் உயிருள்ள அமர்வு டோக்கன்கள் இருந்தன. அவற்றைக் கொண்டு ஐந்து வாடிக்கையாளர்களின் அமர்வுகள் கைப்பற்றப்பட்டன. கடவுச்சொல் எவ்வளவு நீளம், இரண்டாம் சரிபார்ப்பு உண்டா என்ற கேள்விகளுக்கு அங்கே இடமே இல்லை. அவையெல்லாம் முத்திரை பெறுமுன் நடப்பவை.

அப்படியானால் எல்லாக் கடிகாரத்தையும் பத்து நிமிடமாக்கிவிடலாமே என்று தோன்றும். அது பாதுகாப்பன்று. நாளுக்கு இருபது முறை கடவுச்சொல் கேட்கப்படுபவர், எந்தப் பக்கம் கேட்டாலும் தட்டிவிடப் பழகுகிறார்; போலிப் பக்கம் அமைப்பவனுக்கு வேண்டியதும் அதுவே. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட், இரண்டாம் நிலை உறுதிக்கு 2017-இல் மொத்தம் 12 மணி நேரம், செயலற்ற நேரம் 30 நிமிடம் என்று வைத்தது. 2025-ஆம் ஆண்டின் நான்காம் திருத்தத்தில் அவற்றை 24 மணி, 1 மணி எனத் தளர்த்தியது. தளர்த்தியது சரி என்றே தோன்றுகிறது. நேரத்தை எல்லாருக்கும் ஒன்றாகக் குறைப்பதைவிட, ஆபத்தான செயலின் வாசலில் மட்டும் மறுபடி கேட்பது மேல். மதிப்பெண் பதிவேற்றம், வங்கிக் கணக்கு மாற்றம், ஆய்வேட்டின் இறுதிச் சமர்ப்பிப்பு ஆகிய இடங்களில், எவ்வளவு நேரத்துக்கு முன் கடவுச்சொல் தந்தார் என்று மையத்தைக் கேட்டு, ஐந்து நிமிடத்துக்கு மேலாகியிருந்தால் மீண்டும் தரச் சொல்ல இரு நெறிமுறைகளிலும் வழி இருக்கிறது. சான்றிலேயே ‘இந்நேரத்துக்குப் பின் செல்லாது’ என்று மையம் எழுதி அனுப்பும் இடமும் எஸ்.ஏ.எம்.எல்.-இல் உண்டு, அதைப் படித்து மதிக்க வேண்டியது செயலி. மையத்தில் எட்டு மணி நேரம் என்று அமைத்துவிட்டு, செயலியின் இரண்டு வாரக் குக்கீயை அப்படியே விட்டால் மையத்தின் அமைப்பு வெறும் அலங்காரம்.

நேரம் இடத்தையும் பொறுத்தது. மைசூரில் மானசகங்கோத்ரியை அடுத்தே முக்தகங்கோத்ரி என்ற வளாகம் இருக்கிறது. 1996-இல் தொடங்கிய கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் இடம். வளாக மாணவர் பொது வாசிப்பறைக் கணினியில் அமர்பவர். தொலைநிலை மாணவரோ தம் கைப்பேசியிலிருந்தோ, வீட்டில் நால்வர் மாறிமாறிப் பார்க்கும் ஒரே கைப்பேசியிலிருந்தோ வருபவர். விட்டுவிட்டு வரும் இணைப்பில் பாதிப் படிவத்தை இன்றும் மீதியை நாளையும் நிரப்புபவர். முன்னவருக்குச் செயலற்ற நேரம் 15 நிமிடம் போதும். பின்னவருக்கு அது கொடுமை. அவருக்கு வேண்டியது நீண்ட அமர்வும், எழுதியதை அவ்வப்போது சேமிக்கும் வரைவும், ஆபத்தான படியில் மறு சரிபார்ப்பும். இவ்விருவரையும் அறியாதவர் அமைக்கும் எண் எதுவானாலும் ஒருவருக்குத் தவறாகவே முடியும். கணினி மையத்தினரோடு நூலகரும் விடுதிக் காப்பாளரும் ஒருநாள் உட்கார்ந்து பேச வேண்டிய செய்தி இது.

இன்னொன்றைச் சோதிப்பது எளிது, சோதிப்பவர் அரியர். ஆய்வை முடித்துச் சென்ற ஒருவரின் கணக்கை மையத்தில் முடக்குகிறார்கள். அந்நேரம் அவர் உலாவியில் ஏற்கெனவே திறந்திருந்த செயலிகள் என்ன ஆகின்றன? சோதனைக் கணக்கு ஒன்றை உருவாக்கி, எல்லாச் செயலிகளிலும் நுழைந்து, மையத்தில் கணக்கை முடக்கிவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பக்கத்தையும் புதுப்பித்துப் பார்த்துக் குறித்துக்கொள்ள ஒரு தாளும் ஒரு பிற்பகலும் போதும். மாலை வரை பட்டியலில் உயிரோடிருக்கும் செயலிகளின் பெயர்களை, அவற்றை எழுதியவர்களுக்கு அன்றே அனுப்பிவிடலாம்.